பெட்டி பேசும் நேரம்

உங்கள் வீட்டு மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ப்ராட்பேண்ட் பெட்டியை என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம், திறக்காதீர்கள். வாரண்டி போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு. அதன் ஓரத்தில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கும். எந்த ஒயரும் சேர்ந்திருக்காது. தொழிற்சாலையில் எதையோ மறந்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். மறக்கவில்லை. அதுதான் அந்தப் பெட்டியின் வாய்.

கரண்ட் வந்த கணத்திலிருந்து பெட்டி அந்த வழியாகப் பேச ஆரம்பிக்கிறது. விழித்துக்கொண்டேன், மெமரி இவ்வளவு இருக்கிறது, லினக்ஸைத் தட்டி எழுப்புகிறேன், நெட்வொர்க்கைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை, மறுபடி தேடுகிறேன்... கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்கிற கவலையே இல்லாமல் சொல்லிக்கொண்டே போகும். சில வீடுகளில் தாத்தாக்கள் இப்படித்தான் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு ஸீரியல் கன்ஸோல் என்று பெயர். ராத்திரி எட்டு மணிக்கு வரும் ஸீரியல் இல்லை. எழுத்துக்களின் பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதால் ஸீரியல். பரம்பரை தந்திக் காலத்திலிருந்து வருகிறது. 1874-ல் தன் தந்தி முறைக்குக் காப்புரிமை வாங்கிய எமில் பொதோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால்தான் இன்றைக்கும் இதன் வேகத்தை 'பாட்' கணக்கில் சொல்கிறார்கள். தந்திக்குப் பிறகு டெலிடைப் என்ற தட்டச்சு யந்திரம் வந்தது. லினக்ஸில் இந்த இணைப்புகளின் பெயர்கள் இன்றும் 'டிடிஒய்' என்றுதான் தொடங்குகின்றன. டெலிடைப் போய்ச் சேர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பேரன் பேத்திகளிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேட்பது எப்படி? மூன்று ஒயர் போதும். ஒன்று பேச, ஒன்று கேட்க, ஒன்று தரை. பெட்டி பேசுகிற ஒயரை நம் பக்கம் கேட்கிற இடத்தில் சேர்க்க வேண்டும். வாயோடு வாயை வைத்தால் பேச்சு நடக்காது. பழைய கம்ப்யூட்டரின் ஸீரியல் முனையை நேரடியாகச் சொருகவும் கூடாது. அது பிளஸ், மைனஸ் என்று பத்துப் பன்னிரண்டு வோல்ட்டில் பேசும் ஆசாமி. போர்டோ 3.3 வோல்ட் பிள்ளை. கருகிப்போகும். யுஎஸ்பி-யில் மாட்டுகிற சின்ன கன்வெர்ட்டர் ஒயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை லாப்டாப்பில் சேர்த்து, வேகத்தை 1,15,200 என்று வைத்தால் பெரும்பாலான போர்டுகள் பேசுவது புரியும். ஒரு எழுத்துக்கு முன்னும் பின்னும் காவலுக்கு ஒவ்வொரு பிட் சேர்த்து மொத்தம் 10 பிட். அதாவது விநாடிக்கு 11,520 எழுத்து. இவ்வளவு வேகமாகப் பேசுகிறவரிடம் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. பதிவு செய்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் படிக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பதிவு செய்த காகிதத்தில் பெட்டி சொன்னது எல்லாம் இருக்கும், எப்போது சொன்னது என்பது இருக்காது. 'நெட்வொர்க்கைத் தேடுகிறேன்' என்று ஒரு வரி. அதன் கீழேயே 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் அரை விநாடி போயிற்றா, அரை மணி போயிற்றா? காகிதத்தைப் பார்த்தால் தெரியாது. பேச்சு காகிதத்தில் விழும், மௌனம் விழாது. ஆனால் எந்த வியாதிக்கும் மௌனம்தான் முக்கியம். இருமலைவிட இரண்டு இருமலுக்கு நடுவே எத்தனை நேரம் என்றுதானே டாக்டர் கேட்கிறார்? மௌனத்தைக் காகிதத்தில் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மணியைப் போடுவது.

'பெட்டிக்குள்ளேயே கடிகாரம் இருக்குமே, அதுவே போட்டுக்கொள்ளாதா?' என்று கேட்பீர்கள். லினக்ஸ் போட்டுக்கொள்கிறது. வரிக்கு முன்னால் சதுர அடைப்புக்குள், ஆறு தசமம் சுத்தமாக விநாடிக் கணக்கு. ஆனால் அது தான் விழித்த கணத்திலிருந்து எண்ணுகிற கணக்கு. விழிப்பதற்கு முன் நடந்தது அதற்குத் தெரியாது. மயங்கி விழுந்து எழுந்தால் மறுபடி பூஜ்யம். பல சின்ன போர்டுகளில் கடிகாரத்துக்கான பட்டன் செல்லே கிடையாது, இருந்தாலும் தீர்ந்திருக்கும். அப்போது தேதி என்ன என்று கேட்டால் 1970 ஜனவரி 1 என்று சொல்லும். யுனிக்ஸ் உலகத்தில் காலம் பிறந்தது அன்றைக்குத்தான். அதுவும் கிரீன்விச் நேரத்துக்கு நள்ளிரவு. இந்திய நேரம் வைத்த பெட்டியாக இருந்தால் 'காலை 5:30' என்று சொல்லும். மயங்கி விழுந்தவரிடமே 'எத்தனை மணிக்கு விழுந்தீர்கள்?' என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? பக்கத்தில் நின்றவரைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் எஞ்சினீயர்கள் கவலை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களைக் கொங்குப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு அழைத்துப் போகிறேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே செயலாளராக இருப்பவர் என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மச்சான் முறை. பதினெட்டு வருஷமாக சொசைட்டி சாவி அவர் இடுப்பில்தான்.

காலையும் மாலையும் ஜனங்கள் போசியிலும் கேனிலும் பால் கொண்டு வருவார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று சொல்லும். அதை வைத்துத்தான் காசு. அளந்த கணக்கை எழுதிவைக்கப் பக்கத்திலேயே ஒரு பெட்டி. உள்ளே லினக்ஸ்தான். அந்தப் பெட்டி சில மாதங்களாக நடுநடுவே நின்று மறுபடி ஆரம்பித்தது. அந்தச் சமயம் யார் பால் அளந்துகொண்டிருந்ததோ அவர் கணக்கு காணாமல் போகும். மச்சான் மறுபடி வைத்து அளப்பார். இரண்டாம் தடவை அளந்தால் தசமத்தில் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஏறினவர் பேசாமல் போய்விடுவார். இறங்கினவர் டீக்கடையில் பேசுவார்.

மூன்றே மாதத்தில் ஊருக்குள் முடிவாகிவிட்டது. செயலாளர் வேண்டும் என்றே சுவிட்சைத் தட்டுகிறார், வேண்டியவர்களுக்குக் கொழுப்பை ஏற்றிப் போடுகிறார். 'மிசினுக்கு இல்லீங்க கொழுப்பு, அவருக்குத்தான்' என்று ஒருவர் சொன்னது மச்சான் காதுக்கே வந்தது. மெஷினை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்து, பத்து நிமிஷம் பார்த்து, 'பெட்டியில் குறை இல்லை, யாரோ அணைக்கிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பெட்டியின் சொந்தப் பதிவைப் பார்க்கலாம் என்றால், செல் தீர்ந்து போயிருந்தது. நின்று எழுந்த ஒவ்வொரு தடவையும் 1970 ஜனவரி 1, காலை 5:30. அந்த ஊரில் அந்த ஒரே காலைப்பொழுது எத்தனையோ தடவை விடிந்திருக்கிறது.

மச்சான் எனக்கு போன் செய்தார். 'மாப்ளே, ராஜினாமா எழுதி வெச்சுட்டேன். குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னு...' என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

என் அக்கா பையன் கோயமுத்தூரில் இந்த மாதிரி போர்டுகளோடுதான் தினம் மல்லுக்கட்டுகிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வைத்த முதல் நிபந்தனை, பெட்டியைத் தனியாகத் திறக்க மாட்டேன் என்பது. கமிட்டி தீர்மானம் போட்டு, இரண்டு உறுப்பினர்கள் முன்னால்தான் ஸ்க்ரூவைக் கழற்றினான். உள்ளே நான் மேலே சொன்ன அதே மூன்று ஓட்டைகள். ஒயரைப் பற்றவைத்து, பற்றவைத்த ஒயரை லாப்டாப்பில் சொருகி, பெட்டியை மூடி, மேலே காகிதம் ஒட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்கினான்.

'மாமா, ஒயர் மாட்டறது ஈஸி. டயம் போடறதுலதான் ஏமாந்துடுவோம்' என்றான். அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், எப்போதாவது உதவும்.

வருகிற வரிக்கு மணி போட லினக்ஸில் 'டிஎஸ்' என்று ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. அது வரி முடிந்த பிறகுதான் முத்திரை குத்தும். பெட்டி பாதி வரியில் செத்துப்போனால் அந்தப் பாதி வரி முத்திரைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். சாகிறவர் கடைசியாகச் சொன்ன பாதி வார்த்தைதான் நமக்கு முக்கியம். டிம் பேர்ட் என்ற அமெரிக்க லினக்ஸ்காரர் எழுதிய 'கிராப்சீரியல்' வரியின் முதல் எழுத்து வந்த உடனே மணியைப் போட்டுவிடும். போர்டு விழித்தெழ எத்தனை விநாடி ஆகிறது, எங்கே சோம்பேறித்தனம் என்று அளப்பதற்காக அவர் எழுதியது அது.

இரண்டாவது, யுஎஸ்பி கன்வெர்ட்டர் சில எழுத்துக்களைச் சேர்த்து மூட்டை கட்டித்தான் அனுப்பும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் வழக்கமான தாமதம் 16 மில்லி விநாடி. அதனால் மூன்றாம் தசமத்தை வைத்து யாரையும் தூக்கில் போடக்கூடாது. மூன்றாவது, லாப்டாப்பின் கடிகாரமே சரியாக இருக்க வேண்டும். இணையத்தோடு சேர்த்து முதலில் சரி செய்துகொள்ள வேண்டும். லாப்டாப்பில் ஒரு சௌகரியம், அதற்குச் சொந்த பேட்டரி உண்டு. ஊர் கரண்ட் தள்ளாடினாலும் அதன் கடிகாரம் தள்ளாடாது.

வியாழன் சாயந்திரம் பதிவு ஆரம்பித்தது. மச்சான் சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அறையைப் பூட்டியது தலைவர். பெட்டியை அணைக்கவில்லை. சும்மா இருக்கும்போதும் அது பத்து விநாடிக்கு ஒரு தடவை அறை வெப்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் கதவைத் திறந்து பதிவைப் பார்த்தோம். பெட்டி இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

02:31:00.118 அறை வெப்பம் 27.4
02:31:10.121 அறை வெப்பம் 27.4
02:31:16.903 யு-பூட் ஆரம்பம்
02:31:16.958 மறுதொடக்கக் காரணம்: மின்சாரம் புதிதாக வந்தது

யு-பூட் என்பது லினக்ஸுக்கு முன்னால் எழுந்து வாசல் தெளிக்கிற ப்ரோகிராம். அது இருக்கிறது என்றால் பெட்டி ஒரு தடவை செத்துப் பிழைத்திருக்கிறது. ராத்திரி இரண்டரை மணிக்கு. பூட்டிய அறையில். அதே ராத்திரி இன்னும் இரண்டு தடவை. பால் அளக்காத நேரம் என்பதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

'யாரும் அணைக்கலைன்னு ஆயிடுச்சு. ஆனா எது அணைக்குதுன்னு ஆகலையே' என்றான் பையன். அடுத்த அறையில் பால் குளிர்விக்கும் தொட்டி. அதன் கம்ப்ரஸர் அவ்வப்போது 'டக்' என்று ஓட ஆரம்பிக்கும். வெள்ளி ராத்திரி முழுக்க பையனும் ஒரு கமிட்டி உறுப்பினரும் உட்கார்ந்து, 'டக்' கேட்கும்போதெல்லாம் அதே லாப்டாப்பில் ஒரு சாவியைத் தட்டினார்கள். அதற்கும் மணி விழும். சொந்த வாட்ச்சைப் பார்த்து நோட்டில் எழுதினால் போதாதா என்று கேட்டேன். 'ரெண்டு சாட்சிக்கும் ஒரே கடிகாரம் வேணும் மாமா. இல்லேன்னா வாட்ச் ஓடறதைப் பத்தித்தான் சண்டை வரும்' என்றான்.

விடிந்ததும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கம்ப்ரஸர் 7 தடவை ஓட ஆரம்பித்திருந்தது. பெட்டி 3 தடவை செத்துப் பிழைத்திருந்தது. மூன்றும் 'டக்' கேட்டு ஒரு விநாடிக்குள். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஏகப்பட்ட கரண்ட்டை இழுக்கும். ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கியிருக்கும் நேரமாக இருந்தால், அதே லைனில் இருக்கிற பெட்டியின் மலிவான அடாப்டர் மூச்சை விட்டுவிடும். காலைப் பால் நேரத்திலும் ஒன்று சிக்கியது. 'கொழுப்பு 4.' என்று ஆரம்பித்த வரி அப்படியே நிற்கிறது. 06:12:41.307. புள்ளிக்குப் பின்னால் இருக்க வேண்டிய எண் வரவே இல்லை. அரை விநாடி ஆவதற்குள் அடுத்த வரியில் யு-பூட். ஊரில் ஐந்து மாதமாக நடந்த சண்டை மொத்தமும் அந்த வராத எண்ணைப் பற்றித்தான்.

இரண்டு நாளில் மொத்தம் 9 மறுதொடக்கம். அதில் 6 ராத்திரியில், யாரும் பால் ஊற்றாத நேரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். பையன் காகிதத்தை வைத்துக்கொண்டு வோல்டேஜ், அடாப்டர் என்று விளக்க ஆரம்பித்தான். பாதிப் பேர் கவனிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். இரண்டு எருமை வைத்திருப்பவர். 'கண்ணு, அதெல்லாம் இருக்கட்டும். நடுராத்திரி ரெண்டரை மணிக்கு நின்னுதுங்கறியே, அந்நேரத்துக்கு யாரு வந்து பால் ஊத்துனாங்க?' என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அதோடு வழக்கு முடிந்தது. பையன் அரை மணி நேரம் சொல்ல முயன்றதைப் பாட்டி ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

குளிர்த் தொட்டிக்குத் தனி லைன் இழுத்தார்கள். பெட்டிக்கு நல்ல அடாப்டர், ஒரு சின்ன யுபிஎஸ், புதிதாக ஒரு பட்டன் செல். பத்து நாள் பதிவை ஓடவிட்டுப் பார்த்ததில் ஒரு மறுதொடக்கம்கூட இல்லை. கொசுறாக இன்னொன்றும் கிடைத்தது. பெட்டி எழுந்து தயாராக 38 விநாடி எடுத்துக்கொண்டது. அதில் 20 விநாடி ஒரே மௌனம், மாட்டாத நெட்வொர்க் ஒயரைத் தேடிக்கொண்டு. மணி போட்டதால்தான் அந்த மௌனம் கண்ணில் பட்டது. பையன் அதையும் வெட்டிவிட்டான்.

எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து மாதத்துக்குச் சாட்சி இல்லை. அந்தப் பதிவுகளெல்லாம் 1970-ல் மாட்டிக்கொண்டிருக்கின்றன, யாராலும் மீட்க முடியாது. கணக்கு இறங்கினவர்களில் ஒருவர் இன்னும் தனியார் வண்டிக்குத்தான் பால் ஊற்றுகிறார். 'நீங்க வந்த பொறகு மெஷின் நின்னுச்சு சரி, அதுக்கு முன்னாடி?' என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் கிடையாது. மச்சான் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டார். ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்தவர், 'என்னைய நம்புனாங்களோ இல்லையோ, மிசினை நம்புனாங்க மாப்ளே' என்றார். பதினெட்டு வருஷத்துப் பேச்சைவிட மூன்று ஒயர் இரண்டு நாள் சொன்னதற்கு மதிப்பு. சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1997 ஜூலை 4-ம் தேதி செவ்வாய் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம், வேலை ஆரம்பித்த சில நாளில் தானாக நின்று நின்று மறுபடி துவங்கியது. அங்கே போய் ஒயர் மாட்ட முடியுமா? கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லாபரட்டரியில் அதே மாதிரி இன்னொரு கருவி இருந்தது. அதை ஓடவிட்டு, உள்ளே எந்த வேலை எந்தக் கணத்தில் ஆரம்பித்தது, எது எதற்காகக் காத்திருந்தது என்று ஒவ்வொன்றையும் பதிவு செய்தார்கள். அங்கேயும் அதே போல நின்றது. பதிவைப் பார்த்தால், அவசரமான ஒரு வேலை வானிலை பார்க்கும் சாதாரண வேலைக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. நடுவில் புகுந்த இடைத்தர வேலைகள் அந்தச் சாதாரண வேலையை முடிக்க விடவில்லை. காரணம் தெரிந்ததும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள், சரியாகிவிட்டது. அங்கேயும் ரகசியம் இருந்தது காத்திருந்த நேரத்தில்தான்.

உங்களுக்குப் பற்றவைக்கும் கோல் எடுத்து ஒயர் மாட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மின்வாரியத்துக்கு 'அடிக்கடி வோல்டேஜ் இறங்குகிறது' என்று எழுதிப் பாருங்கள், பதில் வர நாளாகும். 'செவ்வாய் 6:10, புதன் 6:15, வியாழன் 6:10' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்று யோசித்தே ஆக வேண்டும். வீட்டில் பெரியவருக்குத் தலைசுற்றல் என்றால், சுற்றின நேரத்தையும் மாத்திரை போட்ட நேரத்தையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். குறிக்க ஆரம்பிப்பதைச் சண்டை வந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் தடவையே குறியுங்கள்.

அப்புறம், வீட்டிலோ ஆபீஸிலோ ஏதாவது ஒரு பெட்டி, இன்றைக்கு 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று சாதித்தால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு பட்டன் செல் வாங்கிப் போடுங்கள்.